முசிறி: ரோம் தேடி வந்த சேரர் துறைமுகம்

பெரியாறு அரபிக்கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி, இன்றைய கேரளத்தின் கொடுங்கல்லூர், வடக்கன் பரவூர் பகுதியில் செழித்திருந்த பழைய துறைமுக நகரம் முசிறி. சங்ககாலச் சேரர்களின் ஆட்சியில் இருந்த இந்த நகரத்துக்கு எகிப்திலிருந்து ரோமப் பேரரசின் வணிகர்கள் ஆண்டுதோறும் கப்பலோட்டி வந்தார்கள். கிரேக்க, லத்தீன் நூல்கள் இதை ‘முசிரிஸ்’ என்று குறித்தன. கன்னியாகுமரி மாவட்டத்தின் எல்லையூரான களியக்காவிளையைத் தாண்டிச் செல்லும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை திருவனந்தபுரம், கொல்லம், ஆலப்புழை, இடப்பள்ளி வழியாக இந்தப் பகுதியின் ஊடாகவே வடக்கே போகிறது. ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தொலைவு. ரோமோடு தமிழகம் கொண்டிருந்த உறவை நேரில் அறிய விரும்பும் தென்குமரி மக்களுக்கு, சாலை மாறாமல் போய்ச் சேரக்கூடிய ஊர் இது.

முசிறியை ரோமர்கள் கட்டவில்லை, ஆளவும் இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள், வாணிகமும் நடந்தது. மிளகு விளையும் மலை, அதைச் சுமந்து இறங்கும் ஆறு, கப்பல் வந்து நிற்கும் கடல் ஆகிய மூன்றும் அருகருகே அமைந்திருந்ததே ரோம் வணிகர்களை அங்கே இழுத்தது.

காற்றும் கப்பலும்

கி.மு. 30-இல் எகிப்து ரோமின் கைக்கு வந்தது. அதன் பிறகு இந்திய வாணிகம் பெருகியது. சில ஆண்டுகள் கழித்து எகிப்துக்குச் சென்ற புவியியலாளர் ஸ்ட்ராபோ, மையோஸ் ஹார்மோஸ் என்ற செங்கடல் துறைமுகத்திலிருந்து 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்படுவதாக எழுதியிருக்கிறார்.

இந்தப் பயணத்தின் அடிப்படை பருவக்காற்று. ஆனி, ஆடி மாதங்களில் குமரிக் கடற்கரையைக் கொந்தளிக்க வைக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான் ரோமக் கப்பல்களையும் அரபிக்கடலின் குறுக்கே தள்ளிக்கொண்டு வந்தது. செங்கடலின் வாயிலில் இருந்த ஓசெலிஸ் துறையிலிருந்து முசிறிக்கு 40 நாளில் வந்துவிடலாம் என்று கி.பி. 77 வாக்கில் எழுதிய ரோம அறிஞர் பிளினி குறிப்பிடுகிறார். காற்று ஓய்ந்து கடல் அடங்கும் நேரத்தில் கப்பல்கள் இந்தியாவை அடையும். சரக்கு மாற்றி முடித்து, மார்கழி வாக்கில் வடகிழக்குக் காற்று வீசத் தொடங்கியதும் திரும்பிப் புறப்படும்.

முசிறியில் கப்பல்களால் கரை வரை வர முடியவில்லை. தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கைத் தோணிகளில் ஏற்றி இறக்கினார்கள் என்றும், அருகே கடற்கொள்ளையர் தொல்லை இருந்தது என்றும் பிளினி எழுதுகிறார். பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டும் (343) இதையே காட்டுகிறது. கப்பல் கொண்டுவந்த பொன், கழியில் ஓடும் தோணிகளில் கரை சேர்வதாகவும், வீடுகளில் மிளகு மூட்டைகள் குவிந்து கிடப்பதாகவும் அவர் சொல்கிறார். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரின் அகநானூற்றுப் பாட்டு (149), யவனர் என்று தமிழர் அழைத்த இந்த மேற்கு வணிகரின் கலங்கள் பெரியாற்றின் நுரை கலங்கப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் காட்சியைத் தீட்டுகிறது. பாண்டியன் செழியன் முசிறியை முற்றுகையிட்டு வென்று, அங்கிருந்த படிமத்தைக் கவர்ந்து சென்ற செய்தியும் அதே பாட்டில் இருக்கிறது. செல்வம் குவிந்த துறைமுகத்துக்குப் போரும் தேடி வந்திருக்கிறது. பல ஆயிரம் மைல் இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாமல் எழுதிய ரோம அறிஞரும் தமிழ்ப் புலவர்களும் ஒரே துறைமுகத்தை ஒரே விதமாக விவரிப்பது முசிறிக்குக் கிடைத்த அரிய பேறு.

வந்த சரக்கும் போன சரக்கும்

கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதிய ‘பெரிப்ளஸ்’ என்ற கடல்வழிக் கையேடு, முசிறி கடலிலிருந்து 20 ஸ்டேடியா, அதாவது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் ஆற்றின் உள்ளே இருந்தது என்கிறது. இந்தக் கரையில் இறங்கிய சரக்குகளின் பட்டியலும் அதில் உண்டு: ஏராளமான நாணயம், மெல்லிய துணிகள், பவளம், கண்ணாடிக் கட்டிகள், செம்பு, ஈயம், வெள்ளீயம், கொஞ்சம் மது. கப்பலில் வந்தவர்கள் சாப்பிடக் கோதுமையும் வந்தது. ஏற்றுமதியில் முதலிடம் மிளகுக்கு. முத்து, யானைத் தந்தம், பட்டு, கங்கைப் பகுதியிலிருந்து வந்த சடாமாஞ்சில் என்ற நறுமண வேர், விலையுயர்ந்த கற்கள், ஆமையோடு ஆகியவையும் போயின.

குமரி மாவட்டத்தில் நல்லமிளகு என்று சொல்லப்படும் இந்த மிளகுக்காக ரோம் தனிக் கிடங்குகளே கட்டியது. பேரரசர் டொமிஷியன் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில், ரோம் நகரின் நடுவே மிளகுக் கிடங்குகள் எழுந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு எழுதிய பிளினி, கருமிளகு ஒரு பவுண்டு நான்கு டெனாரியஸ் விலை போனதாகத் தெரிவிக்கிறார். தோற்றத்துக்கோ இனிப்புக்கோ அல்லாமல் காரத்துக்காக மட்டும் மக்கள் இதை வாங்குகிறார்களே என்று அவர் வியந்தார். இந்தியா ஆண்டுதோறும் பேரரசிலிருந்து 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சுகிறது என்று வருந்தவும் செய்தார். அந்தப் பணத்தின் மிச்சம் இன்றும் கேரள மண்ணில் அகப்படுகிறது. 1983-இல் வடக்கன் பரவூருக்கு அருகிலுள்ள வள்ளுவள்ளியில் 250-க்கும் மேற்பட்ட ரோமப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன.

ஒரு கப்பலின் கணக்கு

முசிறி வாணிகத்தின் அளவைக் காட்டும் மிகச் சிறந்த சான்று ஒரு கிழிந்த பாப்பிரஸ் தாள். எகிப்திலிருந்து கிடைத்த இதை 1980-இல் வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகம் வாங்கியது. 1985-இல் அதன் வாசகம் அச்சேறியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த இந்தக் கிரேக்க ஆவணத்தில் முசிறி வாணிகத்துக்கான கடன் ஒப்பந்தம் பேசப்படுகிறது. கடன் வாங்கியவர், சரக்கைச் செங்கடல் கரையில் இறக்கியதும் ஒட்டகங்களில் ஏற்றி, காவலோடு பாலைவனம் கடந்து நைல் நதிக்கரையின் கோப்டோஸ் நகருக்கும், அங்கிருந்து படகில் அலெக்சாண்டிரியாவுக்கும் கொண்டுபோய், நான்கில் ஒரு பங்கு சுங்கவரிக்காக அரசுக் கிடங்கில் சேர்க்க ஒப்புக்கொள்கிறார்.

தாளின் மறுபக்கத்தில் ‘ஹெர்மபோலோன்’ என்ற கப்பலில் வந்த சரக்கின் எடையும் விலையும் குறிக்கப்பட்டுள்ளன. 60 பெட்டி சடாமாஞ்சிலும் யானைத் தந்தமும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. கூட்டுத்தொகை ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ். ரோமில் ஒருவர் செனட் உறுப்பினராக 10 லட்சம் செஸ்டர்ஸ் சொத்து போதும் என்றிருந்த காலம் அது. ஒரே ஒரு கப்பலின் சரக்கு, ஏழு செனட் உறுப்பினர்களுக்கான தகுதிச் சொத்துக்குச் சமமாக இருந்தது.

இந்த வாணிகத்தில் தமிழர்கள் கரையில் நின்று விற்றவர்கள் மட்டுமல்லர். செங்கடல் கரையின் குசைர் அல் கதீம் என்ற இடத்தில் கண்ணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ்-பிராமியில் எழுதப்பட்ட பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. பெரெனிகே துறைமுகத்தில், ஒரு கோயிலின் தரையில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் 7 கிலோவுக்கும் மேற்பட்ட மிளகு அப்படியே இருந்தது.

பட்டணத்து மண்

முசிறி எங்கே இருந்தது என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடை கிடைக்கவில்லை. கொடுங்கல்லூரில் 1945-இலும் 1960-களிலும் நடந்த அகழாய்வுகளில் இடைக்காலத்துக்கு முந்தைய பொருள் எதுவும் அகப்படவில்லை. பின்னர், கொடுங்கல்லூருக்குத் தெற்கே 10 கிலோமீட்டருக்குள், எர்ணாகுளம் மாவட்டத்தில் உள்ள பட்டணம் என்ற சிற்றூரில், மழையில் மண் கரையும்போதெல்லாம் மணிகளும் ஓடுகளும் வெளிப்படுவது ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது. 2004-இல் கே. பி. ஷாஜனும் வீ. செல்வகுமாரும் அங்கே முன்னோட்ட அகழாய்வு செய்தனர். 2007 முதல் 2015 வரை கேரள வரலாற்று ஆய்வுக் கழகம், பி. ஜே. செரியன் தலைமையில் தொடர்ந்து அகழாய்வு நடத்தியது.

கிடைத்தவற்றில் முதன்மையானவை ஆம்போரா எனப்படும் இருபிடிச் சாடிகளின் ஓடுகள். மது, ஆலிவ் எண்ணெய், மீன்சாறு ஆகியவற்றை அடைத்துக் கப்பலேற்றுவதற்காக மத்தியதரைக் கடல் நாடுகளில் செய்யப்பட்ட சாடிகள் இவை. பட்டணத்து ஓடுகள் சிலவற்றின் உடைந்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், செம்மண் நிறக் களிமண்ணுக்குள் கறுத்து மின்னும் பொடி மணல் தெரியும். இது இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவைச் சுற்றியுள்ள காம்பேனியாவின் எரிமலை மணல். வெசுவியஸ் மலையடியில் மண் பிசைந்து செய்த சாடி, கடல் தாண்டி, பாலைவனம் தாண்டி, மறுபடியும் கடல் தாண்டிப் பெரியாற்றங்கரைக்கு வந்து உடைந்திருக்கிறது. அது எங்கே செய்யப்பட்டது என்பதை எழுத்து எதுவும் இல்லாமல் அந்த மணலே சொல்லிவிடுகிறது.

2007-இல் வெளிப்பட்ட இன்னொரு காட்சி படகுத்துறை. செங்கல்லால் கட்டிய மேடையும், அதன் அருகே சேற்றில் புதைந்த ஆறு மீட்டர் நீளத் தோணியும், படகைக் கட்டும் தேக்கு முளைகளும் அங்கே இருந்தன. தோணி ஒரே மரத்தைக் குடைந்து செய்தது. மரம் ஆஞ்சிலி, குமரி மாவட்டத்தில் அயனி என்று வழங்குவது. காற்றுப் புகாத ஈரச் சேறு அதை இரண்டாயிரம் ஆண்டுகள் மக்காமல் காத்தது. மேலும், யானையும் வில் அம்பும் பொறித்த சேரர் செப்புக்காசுகள், மேற்காசியாவின் பச்சைநீல மெருகிட்ட பானைகள், சாம்பிராணித் துண்டுகள், மிளகு, கல்லில் உருவம் செதுக்கிய முத்திரைகள், தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் ஆகியவை கிடைத்தன.

பட்டணமே முசிறி என்று எல்லா அறிஞர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஊர்ப் பெயர் பொறித்த சான்று எதுவும் அங்கே கிடைக்கவில்லை என்பது மறுப்போரின் வாதம். பட்டணம் முசிறியின் ஒரு பகுதியாகவோ அதன் துணைத் துறையாகவோ இருந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஆனால் ரோமப் பேரரசோடு நேரடி வாணிகம் நடந்த பெரிய இடம் இது என்பதில் ஐயமில்லை. அகழப்பட்டதோ மொத்தப் பரப்பில் மிகச் சிறிய பங்குதான்.

இன்னொன்றிலும் கவனம் தேவை. ‘பியூட்டிங்கர் வரைபடம்’ என்ற பழைய ரோமச் சாலைப் படத்தின் 13-ஆம் நூற்றாண்டுப் பிரதியில், முசிறிக்கு அருகே அகஸ்டஸ் பேரரசரின் கோயில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. இதை வைத்து முசிறியில் ரோமர் குடியிருப்பு இருந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கோயிலின் ஒரு கல்லும் இன்றுவரை கிடைக்கவில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு

ரோமின் வாணிகம் மெலிந்த பிறகும் பெரியாற்றங்கரை ஓயவில்லை. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 12-ஆம் நூற்றாண்டு வரை கொடுங்கல்லூர், மகோதை என்ற பெயரில் பிற்காலச் சேரப் பெருமாள்களின் தலைநகராக இருந்தது. கி.பி. 1000-இல் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு, அரசர் முயிரிக்கோட்டில் வீற்றிருந்ததைக் குறிக்கிறது. முசிறி என்ற பெயர் ஆயிரம் ஆண்டு கழித்தும் வழக்கில் இருந்ததற்கு இது சான்று.

1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் துறைமுக வாயிலில் வண்டலைக் கொட்டிக் கப்பல் வழியைக் கெடுத்தது என்றும், அதே வெள்ளம் தெற்கே கொச்சியின் முகத்தை அகலப்படுத்தி அதைத் துறைமுகமாக்கியது என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மிளகைத் தேடி ஐரோப்பியர் மறுபடி வந்தபோது, கொச்சியே அவர்களின் தளமானது.

பார்க்க வேண்டிய இடங்கள்

பட்டணத்தில் தூண்களும் மண்டபங்களும் இல்லை. அகழாய்வுக் குழிகளை ஆய்வு முடிந்ததும் மண்ணிட்டு மூடிவிடுவதே வழக்கம். இன்று அங்கே தெரிவது தென்னந்தோப்பும் வீடுகளும்தான். பழைய ஆற்றுப் போக்கு, மண்ணின் மேடு பள்ளம், கடலிலிருந்து உள்ள தொலைவு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு நடந்தால் துறைமுகம் எப்படி அமைந்திருக்கும் என்பது புரியும்.

கொடுங்கல்லூரில் தமிழர்கள் தவறவிடக் கூடாத கோயில் திருவஞ்சைக்களம். சுந்தரர் பதிகம் பெற்ற இது, மலைநாட்டின் ஒரே பாடல் பெற்ற தலம். சுந்தரரும் அவருடைய நண்பர் சேரமான் பெருமாள் நாயனாரும் இங்கிருந்தே கயிலை சென்றதாகப் பெரியபுராணம் சொல்கிறது. நகரின் நடுவில் உள்ள பகவதி கோயிலைக் கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த கோட்டத்தோடு இணைத்துப் பேசும் மரபு வலுவாக இருக்கிறது. மீன மாதப் பரணித் திருவிழாவில் அங்கே பெருங்கூட்டம் கூடும். சேரமான் ஜும்ஆ பள்ளிவாசல் கி.பி. 629-இல் கட்டப்பட்டது என்பது மரபு. இந்தியாவின் முதல் பள்ளிவாசலாக அது போற்றப்படுகிறது. புனித தோமா கி.பி. 52-இல் இந்தக் கரையில் இறங்கினார் என்ற நம்பிக்கையின் நினைவாக அழீக்கோட்டில் ஒரு திருத்தலம் இருக்கிறது. வடக்கன் பரவூரிலும் சேந்தமங்கலத்திலும் உள்ள யூதத் தொழுகைக்கூடங்கள் இப்போது அருங்காட்சியகங்கள். இவற்றுள் பல மரபுகளுக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. ஆனாலும் இத்தனை சமயங்களும் தங்கள் முதல் அடியை ஒரே ஆற்றுமுகத்தில் வைத்துச் சொல்வதற்குக் காரணம், அந்த நாளில் கப்பல்கள் வந்த வழி அதுவாக இருந்ததே.

பெரியாற்றை ஒட்டிய கோட்டப்புறம் கோட்டையைப் போர்ச்சுக்கீசியர் 1523-இல் கட்டினர். பிறகு டச்சுக்காரர் கைக்கு மாறிய அதை, அன்று இன்றைய குமரி மாவட்டத்தையும் உள்ளடக்கியிருந்த திருவிதாங்கூர் அரசு 1789-இல் விலைக்கு வாங்கியது. இந்த விற்பனையை ஏற்க மறுத்த திப்பு சுல்தான் திருவிதாங்கூர் மீது படையெடுத்தார். கோட்டை அந்தப் போரில் இடிந்தது. அடித்தளமும் சுவரின் சில பகுதிகளுமே மிஞ்சியுள்ளன.

கேரள அரசின் முசிறி மரபுத் திட்டம் இந்த இடங்களைப் படகு வழியாக இணைக்கிறது. வடக்கன் பரவூர், சேந்தமங்கலத்தின் பாலியம் அரண்மனை, கோட்டப்புறம் ஆகிய இடங்களைப் படகில் சென்று பார்ப்பது சாலையில் செல்வதைவிடச் சிறந்தது. பழைய நகரம் தண்ணீரை நம்பி வாழ்ந்தது. தண்ணீர் வழியே போனால்தான் அதன் அமைப்பு விளங்கும்.

குமரியிலிருந்து செல்வோருக்கு

களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கேரள அரசுப் பேருந்துகள் அடிக்கடி கிடைக்கும். ரயிலில் செல்பவர்கள் குழித்துறையிலோ பாறசாலையிலோ ஏறி, ஆலுவா அல்லது இரிஞ்ஞாலக்குடா நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். மழைக்காலம் முடிந்து, மார்கழி முதல் மாசி வரை செல்வது நல்லது. அருங்காட்சியகங்கள் பொதுவாகத் திங்கட்கிழமை மூடியிருக்கும். படகு நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். எல்லா இடங்களையும் நிதானமாகப் பார்க்க இரண்டு நாள் தேவை.

போகும் வழியிலும் இதே வரலாற்றின் துண்டுகள் உண்டு. களியக்காவிளைக்கு அருகிலேயே உள்ள விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் துறைமுகம். கேரளப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்விலும் ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. பெரிப்ளஸ் நூல் குமரித்துறையையும், அங்கே நீராடித் துறவு வாழ்க்கை நடத்திய ஆண்களையும் பெண்களையும் குறிப்பிடுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூலில் ஆய் நாடும் அதன் பெருநகரான கொட்டியாராவும் வருகின்றன; அது நாகர்கோவிலின் கோட்டாறு என்பது பல அறிஞர்களின் கருத்து. முசிறி இந்தக் கடற்கரை முழுவதும் பரவியிருந்த வாணிகத்தின் பெரிய வாசல்; தென்குமரியும் அதில் பங்கு கொண்ட நிலமே.

இன்று மாநில எல்லை களியக்காவிளையில் இருக்கிறது. சங்கப் பாடல்கள் பாடிய முசிறி அந்த எல்லைக்கு அப்பால் இருப்பதால், தமிழ்நாட்டுப் பள்ளிகளின் சுற்றுலாப் பட்டியலில் அது இடம்பெறுவது அரிது. கீழடிக்கும் ஆதிச்சநல்லூருக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பட்டணத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். புறப்படுவதற்கு முன் அகநானூற்றின் 149-ஆம் பாட்டையும் புறநானூற்றின் 343-ஆம் பாட்டையும் ஒரு முறை படித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பாடல்களை அறிந்தவர்களுக்கே பட்டணத்தின் தென்னந்தோப்பு துறைமுகமாகத் தெரியும்.